சோப்பு, மாஸ்க், ஊசி: தொற்றுக் காலத்தில் ஆணா பெண்ணா, யார் அதிக ஜாக்கிரதை?

கொரோனாக் காலத்தில் இரண்டு பேச்சுகள் அடிக்கடி காதில் விழுந்தன. "பெண்களுக்குப் பயம் அதிகம், அதனால்தான் மாஸ்க்கைக் கழற்ற மாட்டேன் என்கிறார்கள்" என்பது ஒன்று. "பெண்களுக்குப் பயம் அதிகம், அதனால்தான் ஊசி போட வர மாட்டேன் என்கிறார்கள்" என்பது மற்றொன்று. ஒரே பயம் ஓரிடத்தில் ஜாக்கிரதையாகவும் இன்னோரிடத்தில் அலட்சியமாகவும் மாறிவிடுகிறது. பேசுகிறவருக்கு ரொம்ப வசதி!

கொரோனா வருவதற்கு முன்பே, 2016-இல், கெல்லி மோரனும் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்த சாரா டெல் வாலேயும் சுவாசத் தொற்றுகளைப் பற்றி அதுவரை வந்திருந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். கை கழுவுவது, முகக்கவசம் அணிவது, கூட்டத்தைத் தவிர்ப்பது போன்ற மருந்தில்லாத தற்காப்புகளில் பெண்கள் சுமார் 50 சதவீதம் முன்னே இருந்தார்கள். தடுப்பூசி போன்ற மருந்து சார்ந்த தற்காப்புகளில் ஆண்கள் சுமார் 12 சதவீதம் முன்னே. ஆக, யார் பொறுப்பானவர் என்று மொத்தமாக ஒரு மதிப்பெண் போட வழியில்லை. எந்தத் தற்காப்பு, அது எங்கே கிடைக்கிறது, அதை எடுத்துக்கொள்ள யாருடைய அனுமதி வேண்டும் என்று பிரித்துக் கேட்டால்தான் விஷயம் பிடிபடும் என்பது என் கட்சி.

கை கழுவுவதில் போட்டியே இல்லை. பிரிட்டனில் நெடுஞ்சாலை ஓய்வகம் ஒன்றின் கழிப்பறைகளில், உள்ளே போகிறவர்களின் எண்ணிக்கையையும் சோப்பு எடுப்பதையும் சத்தமில்லாமல் பதிவு செய்யும் கருவிகளைப் பொருத்தி ஓர் ஆய்வு நடத்தினார்கள். 2009-இல் வெளியான அதன் முடிவு: சோப்புப் போட்டவர்கள் பெண்களில் 64 சதவீதம், ஆண்களில் 32 சதவீதம். சரியாகப் பாதி. இதில் எனக்குச் சுவையாகப் பட்டது வேறு. வாசலில் மாற்றி மாற்றி வாசகங்களைக் காட்டியபோது, தகவல் சொல்லும் வாசகங்கள் பெண்களிடம் எடுபட்டன. அருவருப்பைக் கிளப்பும் வாசகங்கள் ஆண்களிடம் எடுபட்டன. பக்கத்தில் நிற்பவர் சோப்புப் போடுகிறாரா என்று கேட்ட வாசகம் இரு பக்கமும் வேலை செய்தது. நான்கு பேர் என்ன நினைப்பார்கள் என்ற கவலைக்கு ஆண் பெண் பேதமில்லை போலிருக்கிறது.

மாஸ்க் கொஞ்சம் சிக்கலானது. 2020 ஜூனில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கடைக்கு வந்தவர்களை எண்ணிப் பார்த்தார்கள். மாஸ்க் அணிந்து வந்தவர்கள் சுமார் 41 சதவீதம்தான். பெண் அணிந்திருக்கும் வாய்ப்பு ஆணைவிட ஒன்றரை மடங்கு. பிறகு மாஸ்க் கட்டாயம் என்று உத்தரவு வந்ததும் எல்லாத் தரப்பிலும் 90 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. அதே ஆண்டு கப்ராரோ, பார்செலோ என்ற இருவர் அமெரிக்கர்களிடம் நடத்திய ஆய்விலும் இதே கதைதான். மாஸ்க் போடுவது வெட்கம், பலவீனத்தின் அடையாளம் என்று பெண்களைவிட ஆண்களே அதிகம் சொன்னார்கள். ஆனால் மாஸ்க் கட்டாயமாக இருந்த இடங்களில் ஆண் பெண் வித்தியாசம் ஏறக்குறைய காணாமல் போயிருந்தது. விருப்பத்துக்கு விட்டால் மீசை குறுக்கே வருகிறது. எல்லோரும் போட்டாக வேண்டும் என்றாகிவிட்டால் ஆணுக்கும் சாக்குக் கிடைத்துவிடுகிறது: "நானா போட்டேன், சட்டம் போடச் சொல்லுது!"

இதை வைத்துக்கொண்டு மாஸ்க் எதிர்ப்பு என்றாலே ஆண் விவகாரம் என்று முடிவு கட்டவும் கூடாது. 1918-இல் உலகெங்கும் பரவிய இன்ஃப்ளூயன்சா காய்ச்சலின்போது அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் மாஸ்க் கட்டாயமாக்கப்பட்டதை எதிர்த்து, 1919 ஜனவரியில் ஒரு சங்கமே கிளம்பியது. அதன் தலைவர் திருமதி ஹாரிங்டன் என்ற பெண் வழக்கறிஞர். பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர். அவருக்கு அது உரிமைப் பிரச்சினை.

வீட்டில் இருப்பது, இடைவெளி விடுவது போன்ற விதிகளுக்கு வருவோம். 2020 மார்ச், ஏப்ரல் மாதங்களில் இத்தாலி, பிரான்ஸ், ஆஸ்திரேலியா உள்ளிட்ட எட்டு நாடுகளில் 21 ஆயிரம் பேருக்கு மேல் கேட்டார்கள். நோய் மிகக் கடுமையானது என்று மார்ச்சில் சொன்னவர்கள் பெண்களில் 59 சதவீதம், ஆண்களில் 49 சதவீதம். விதிகளைக் கடைப்பிடிப்பதிலும் பெண்களே முன்னே. ஆனால் அங்கே ஆண் பெண் வித்தியாசம் ஐந்தாறு சதவீதப் புள்ளிகள்தான். ஒரே வீட்டில் வாழும் கணவன் மனைவிக்கிடையே அது இன்னும் சுருங்கியது. மனைவி சொல்லி கணவன் திருந்தினானா, கணவனைப் பார்த்து மனைவி தளர்ந்தாளா என்பதை வீட்டுக்கு வீடு விசாரித்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வெளியே போகாமல் இருப்பது குணம் மட்டுமில்லை, வேலையும்கூட. 2020 மே மாதத்தில் கோயம்பேடு சந்தையிலிருந்து தொற்று பல மாவட்டங்களுக்குப் பரவியது. மூட்டை தூக்குகிற ஆள் ஆறடி தள்ளி நின்று தூக்க முடியாது. அவரை அலட்சியக்காரர் என்று எழுதினால் அநியாயம். அதே மே 7-ஆம் தேதி டாஸ்மாக் கடைகள் திறந்தபோது கூடிய கூட்டத்துக்கு அந்தச் சலுகையைத் தர எனக்கு மனமில்லை. அடுத்த நாளே உயர் நீதிமன்றம் கடைகளை மூடச் சொன்னது. ஒரு வாரத்தில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது, கடைகள் திரும்பத் திறந்தன.

அப்படியானால் ஆண்கள் அதிகம் இறந்தது அலட்சியத்தால்தானா? அப்படிச் சொல்ல முடியாது. பல நாடுகளின் தரவைச் சேர்த்து 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தொற்றியவர்களில் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய பாதிப் பாதிதான். ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகும் வாய்ப்பு ஆண்களுக்குக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. தொற்றிய பிறகு உடல் எப்படி எதிர்கொள்கிறது என்பது பெரிய பங்கு வகித்திருக்கிறது. மாஸ்க் கணக்கை மட்டும் காட்டி மரணக் கணக்கை விளக்கப் பார்க்கிறவர்களிடம் நான் ஒத்துப்போவதில்லை.

இனி ஊசி. இங்கேதான் பழைய முடிவுகள் நாட்டுக்கு நாடு புரண்டன. தடுப்பூசி வருவதற்கு முன் நடந்த கருத்துக் கணிப்புகள் பலவற்றில் "போட்டுக்கொள்வேன்" என்று அதிகம் சொன்னவர்கள் ஆண்கள். ஆனால் அமெரிக்காவில் 2021-இன் முதல் மாதங்களில் உண்மையில் அதிகம் போட்டுக்கொண்டவர்கள் பெண்கள். முதியோரிலும் மருத்துவப் பணியாளர்களிலும் பெண்கள் அதிகம், முன்னுரிமையும் அந்த இரு பிரிவினருக்கே இருந்தது என்பது ஒரு காரணம். சொல்வதில் ஆண், செய்வதில் பெண் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தியாவில் நேர்மாறு. 2021 ஜூனில் ஆயிரம் ஆண்கள் ஊசி போட்டிருந்தால் பெண்கள் தொள்ளாயிரம்கூட இல்லை. கேரளம் போன்ற சில மாநிலங்கள் விதிவிலக்கு. கேரளத்தில் மக்கள்தொகையிலேயே பெண்கள் அதிகம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். "பெண்களுக்குப் பயம்" என்ற விளக்கம் அப்போது தாராளமாகப் புழங்கியது. ஆனால் வரிசையை யார் அமைத்தது என்று பாருங்கள். மே மாதம் 18 முதல் 44 வயதினருக்குத் திறந்தபோது, கோவின் என்ற அரசு இணையதளத்தில் முன்பதிவு செய்துதான் போக முடியும். மே 24-க்குப் பிறகே அரசு மையங்களில் நேரில் பதிய விட்டார்கள். தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019–21) இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்திய பெண்கள் 33 சதவீதம், ஆண்கள் 57 சதவீதம். பாலூட்டும் தாய்மார்களுக்கு மே மாதம் வரை அனுமதியில்லை. கர்ப்பிணிகளுக்கு ஜூலை 2 வரை. அரசே காத்திருக்கச் சொல்லிவிட்டு, அப்புறம் தயங்குகிறார்கள் என்றால் எப்படி?

மாதவிடாய் பற்றிய கவலையையும் வதந்தி என்று தள்ளினார்கள். மலட்டுத்தன்மை வரும் என்றது வதந்திதான். சுழற்சி தள்ளிப்போகிறது என்று பெண்கள் சொன்னதில் உண்மை இருந்தது: 2022-இல் வந்த அமெரிக்க ஆய்வு, சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவான, தற்காலிகமான மாற்றத்தைக் கண்டது. பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் முன்கூட்டியே கேட்டு, முன்கூட்டியே சொல்லியிருந்தால் வதந்திக்கு அவ்வளவு இடம் கிடைத்திருக்காது.

பட்டியலில் வழக்கமாக வராத ஒன்று, நோயாளியைக் கவனித்துக்கொள்ளும் வேலை. 1918 காய்ச்சலில் இந்தியாவில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் இறந்தார்கள். அரைவயிற்றுச் சாப்பாடு, கூடவே வீட்டில் படுத்தவர்களுக்கெல்லாம் பணிவிடை. கஞ்சி கொடுக்கப் பக்கத்தில் போகிறவளிடம் இடைவெளி விடு என்று சொல்ல முடியாது. நூறு ஆண்டு கழித்து, உலகின் மருத்துவ, பராமரிப்புப் பணியாளர்களில் சுமார் 70 சதவீதம் பெண்கள். அவர்களுக்கு வந்த பாதுகாப்பு உடைகளும் முகக்கவசங்களும் பெரும்பாலும் ஆணின் உடல்வாகை அளவாக வைத்துத் தைத்தவை. சின்ன முகத்தில் மாஸ்க்கின் ஓரம் ஒட்டாமல் நிற்கும். காற்று அந்த வழியாகவே உள்ளே போகும்.