காரைக்குடி வெயிலில் தமியா அக்ரிலிக்: ஏர்பிரஷ்ஷில் அருமை, பிரஷ்ஷில் தலைவலி

பிளாஸ்டிக் மாடல் கட்டத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது ஜப்பான் நிறுவனமான தமியாவின் அக்ரிலிக் பெயின்ட்டைத்தான். 10 மில்லி கண்ணாடிக் குப்பி. பளபளப்பு நிறங்களுக்கு எக்ஸ், மங்கல் நிறங்களுக்கு எக்ஸ்எஃப் என்று எண்வரிசை. ஏர்பிரஷ், அதாவது கம்ப்ரஸர் காற்றால் பெயின்ட்டைத் தூவும் சிறு கருவி, வைத்திருப்பவருக்கு இவ்வளவு சொன்னபடி கேட்கும் பெயின்ட் அரிது. கையில் வெறும் பிரஷ்ஷோடு, அதுவும் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் சித்திரை வெயிலில் உட்கார்ந்து பூசுகிறவர் இதை வாங்காமலிருப்பதே நல்லது. பெயின்ட்டில் குறையில்லை, அது காயும் விதம்தான் இந்த ஊருக்கு ஒத்துவரவில்லை.

பெயர் அக்ரிலிக்தான், தண்ணீரிலும் கரையும்தான். ஆனால் உள்ளே ஆல்கஹால் வகைக் கரைப்பான் இருக்கிறது, மூடியைத் திறந்ததும் மூக்குக்குத் தெரியும். பிரஷ்ஷால் மாடல் விமானத்தின் இறக்கையில் ஒரு இழுப்பு இழுத்து, பக்கத்தில் அடுத்த இழுப்பு போடுவதற்குள் முதல் இழுப்பின் ஓரம் காய்ந்து தடித்திருக்கும். சரிசெய்யலாம் என்று அதன்மேல் மறுபடி பிரஷ்ஷை வைத்தால் புதிய பெயின்ட்டில் உள்ள கரைப்பான் கீழே பாதி காய்ந்த பூச்சை இளக்கிவிடும். பிரஷ் நகரும்போது அது சுருண்டு உரிந்து, அடியிலிருக்கும் சாம்பல் பிளாஸ்டிக் எட்டிப் பார்க்கும். திருத்தத் திருத்த மோசமாகும். காய்வதைத் தாமதப்படுத்தும் தமியாவின் ரிட்டார்டரை 10 மில்லிக்கு ஓரிரு சொட்டு சேர்த்து, அகலமான மெல்லிய பிரஷ்ஷால் ஒரே திசையில் ஒருமுறை மட்டும் இழுத்து, அடுத்த பூச்சை மறுநாள் கொடுத்தால் ஒப்பேற்றலாம். ரிட்டார்டர் கூடினால் நாள்கணக்கில் பிசுபிசுத்துக் கிடக்கும்.

பிரஷ் வேலைக்கு வாய்ஹோ (Vallejo) நிறுவனத்தின் மாடல் கலர் பெயின்ட் வாங்குங்கள். முழுக்கத் தண்ணீர் அடிப்படை, சொட்டுக் குப்பி, ஒன்றிரண்டு சொட்டுத் தண்ணீரில் கலந்து மெல்லிய மூன்று பூச்சு கொடுத்தால் பிரஷ் தடமே தெரியாது. உப்புத் தண்ணீர் வேண்டாம், காய்ந்தபின் வெள்ளைப் படலம் விடலாம். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் வாங்கி வைத்தால் வருஷம் ஓடும். இந்த வெயிலில் பீங்கான் தட்டில் வைத்த வாய்ஹோ சில நிமிஷத்தில் தோல் கட்டிவிடும். அகலமான டிபன் டப்பாவில் நனைத்த ஸ்பான்ஜ் பரப்பி, அதன்மேல் கேக் சுட விரிக்கும் பட்டர் பேப்பரைப் போட்டு அதில் பெயின்ட்டை வைத்தால் மாலைவரை ஈரமாக இருக்கும், மூடிவைத்தால் மறுநாளும் ஆகும். ஒன்றை மறக்கக் கூடாது: வாய்ஹோ வெறும் பிளாஸ்டிக்கைப் பிடிக்காது. பிரைமர் என்ற அடிப்பூச்சு இல்லாமல் பூசி மாஸ்கிங் டேப் ஒட்டினால், டேப்பை எடுக்கும்போது பெயின்ட் தோலாக உரிந்து கூடவே வந்துவிடும்.

இனி தமியாவை ஏர்பிரஷ்ஷில் அடிப்பது. இதில் எல்லாம் தின்னரில்தான் இருக்கிறது. தமியாவின் அக்ரிலிக் தின்னர் எக்ஸ்-20ஏ. கடைசியில் 'ஏ' இல்லாத எக்ஸ்-20 எனாமல் தின்னர், அக்ரிலிக்கில் ஊற்றினால் கலக்காது, திரிந்துபோகும். எனாமல் வரிசையிலும் இதே எண்கள் உண்டு என்பதால் ஆன்லைனில் எண்ணை மட்டும் பார்த்து ஆர்டர் போடாதீர்கள், எந்த வகை என்று படித்துவிட்டுப் போடுங்கள்.

மார்கழி, தை மாதங்களில் எக்ஸ்-20ஏ போதும். பெயின்ட் ஒரு பங்கு, தின்னர் ஒரு பங்கு, 0.3 மில்லிமீட்டர் ஊசி, 15 பிஎஸ்ஐ அழுத்தம், மாடலிலிருந்து ஏழெட்டு சென்டிமீட்டர் தள்ளி. கலவை பதமா என்று பார்க்கக் கிண்ணத்தைச் சாய்த்துப் பாருங்கள். பால் வழிவதுபோல வழிந்து, பின்னால் மெல்லிய படலம் விட்டால் சரி. மோர்போல ஓடிவிட்டால் தின்னர் அதிகம். அந்தக் கலவை மாடலில் பட்டதும் காற்று தள்ளி, எட்டுக்கால் பூச்சிபோல நாலாபக்கமும் கால் விரிக்கும்.

பங்குனி பிறந்தால் கணக்கு மாறும். வெயிலேறிய நேரத்தில் அடித்தால் பெயின்ட் துளிகள் மாடலைத் தொடுமுன் காற்றிலேயே காய்ந்துவிடும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் இறக்கை முழுக்க ரவை தூவியதுபோல் சொரசொரப்பு. சின்னங்கள் அச்சிட்ட டீக்கால் படம் அதன்மேல் ஒட்டாது, அடியில் காற்று தங்கி வெள்ளி மினுக்கும். ஏர்பிரஷ் ஊசி நுனியிலும் பெயின்ட் உறைந்து, திடீரென்று ஒரு திப்பி தெறிக்கும். இந்த ஊருக்கு இதற்கு நல்ல மருந்து ஜிஎஸ்ஐ கிரியோஸ் நிறுவனத்தின் மிஸ்டர் கலர் லெவலிங் தின்னர். லாக்கர் என்ற வேறு வகைப் பெயின்ட்டுக்கான தின்னர்தான், ஆனால் தமியா அக்ரிலிக்கோடு அழகாகக் கலக்கும். காய்வதைத் தாமதப்படுத்தும் பொருள் அதிலேயே இருப்பதால், துளிகள் விழுந்து பரவிச் சமமாகிற வரைக்கும் ஈரம் நிற்கிறது. ஒன்றுக்கு ஒன்று கலந்து காலை ஒன்பது மணிக்குள் அடித்தால் மே மாதத்திலும் பட்டுப்போல் வரும். ஊசி நுனியை மட்டும் சில நிமிஷத்துக்கு ஒருமுறை தின்னர் நனைத்த பட்ஸால் துடைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு தின்னருக்காகச் செலவழிக்கத் தயங்க வேண்டாம்.

அதற்குப் பதிலாக உள்ளூர் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், மர பாலிஷ் வேலைக்கான என்.சி. தின்னரை ஊற்றலாமா என்று பலரும் கேட்கிறார்கள். பழைய தேக்குக் கதவுக்கும் பீரோவுக்கும் பாலிஷ் போடுகிற ஊரில் அது சுலபமாகக் கிடைக்கும், மலிவும்கூட. மாடலில் அடிக்கும் கலவைக்கு வேண்டவே வேண்டாம். மாடலின் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைக் கடித்து, தகடுகளின் இணைப்பைக் காட்டும் நுணுக்கமான பேனல் கோடுகளை உருக்கிவிடும். ஏர்பிரஷ் கழுவ மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேலைக்கு அருமையான சரக்கு.

வாய்ஹோவும் தமியாவும் ஒரே கிண்ணத்தில் சேரக் கூடாது. தமியாவுக்கு ஐசோபுரோபில் ஆல்கஹால் ஒத்துப்போகும், வாய்ஹோவில் அதை விட்டால் தயிர்க்கட்டியாக உறைந்து ஏர்பிரஷ்ஷையே அடைக்கும்.

நிறங்களில் எல்லாம் ஒரே தரம் என்று சொல்ல முடியாது. எக்ஸ்எஃப்-1 கறுப்பும் எக்ஸ்எஃப்-62 ஆலிவ் டிராபும் இரண்டு மெல்லிய பூச்சில் மூடிவிடும். எக்ஸ்எஃப்-2 வெள்ளையும் எக்ஸ்எஃப்-3 மஞ்சளும் பொறுமையைச் சோதிக்கும். மஞ்சளுக்கு அடியில் வெள்ளைப் பூச்சு ஒன்று கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள். எக்ஸ்-21 பற்றி எச்சரிக்காமல் விட முடியாது. 'ஃபிளாட் பேஸ்' என்ற பெயரைப் பார்த்து, மங்கல் வார்னிஷ் என்று நினைத்து முடிந்த மாடல்மேல் அடித்துவிடுகிறார்கள். அது பளபளப்புப் பெயின்ட்டோடு சிறிது கலந்து மங்கலாக்கும் சேர்மானம். தனியாக அடித்தால் பல நாள் வேலை சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்துப்போகும். மங்கல் வார்னிஷுக்கு எக்ஸ்எஃப்-86 என்று கேட்டு வாங்குங்கள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேறொரு தொல்லை. கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது, காற்றிலுள்ள ஈரம் அதில் படிகிறது, பூச்சு பால் நிறமாக மங்குகிறது. வேகமாகக் காயும் லாக்கர் வார்னிஷ்களில் இது அதிகம். மழை விட்டு வெயில் வந்த நாளில், லெவலிங் தின்னரை மட்டும் பனிபோல லேசாக அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். கம்ப்ரஸர் குழாயில் நீர் பிரிப்பான் இல்லாதவர்கள் இந்த இரண்டு மாதம் ஏர்பிரஷ்ஷைத் தொடாமலிருப்பது உத்தமம்.

எங்கே வைத்து அடிப்பது என்பதில் நம் பக்கத்து வீடுகளுக்கு ஒரு வசதி. வளவில், அதாவது வீட்டின் நடுப்பகுதியில், திறந்த முற்றத்தை ஒட்டி உட்கார்ந்தால் காற்றோட்டத்தில் ஆவி கலைந்துவிடும். அதே முற்றம் வழியாகத்தான் செம்மண் தூசியும் இறங்குகிறது. மங்கல் நிறத்துக்குப் பரவாயில்லை. எக்ஸ்-1 பளபளப்புக் கறுப்பில் ஒரு கார் அடித்தீர்கள் என்றால் பானெட்டில் விழுந்த ஒவ்வொரு துகளும் கொப்புளமாகத் தெரியும். தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கிவிட்டு அடியுங்கள், அடித்த கையோடு பெரிய பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து மூடுங்கள். தப்பி விழுந்த தூசியை ஈரத்தில் கிள்ளக் கூடாது, ஒரு நாள் காயவிட்டு 2000 நம்பர் உப்புத்தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் போய்விடும். அடுப்படிக்கும் சாமி அறை விளக்குக்கும் பக்கத்தில் ஸ்பிரே செய்யவே கூடாது, இந்தத் தின்னர்கள் எல்லாம் தீப்பற்றுபவை. முகத்துக்குத் துணி மாஸ்க் உதவாது. கரைப்பான் ஆவியை வடிக்கும் கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் வேண்டும்.

முடிந்ததும் குப்பியின் வாயை டிஷ்யூவால் துடைத்துவிட்டு மூடுங்கள். மரையில் பெயின்ட் உறைந்தால் மூடி ஒட்டிக்கொள்ளும். இடுக்கியால் திருகிக் கண்ணாடியை உடைப்பதற்குமுன் குப்பியைத் தலைகீழாக, மூடி மட்டும் முழுகும்படி வெந்நீரில் இரண்டு நிமிஷம் வைத்துப் பாருங்கள், திறந்துகொள்ளும்.