6 மி.மீ. ப்ளைவுட் என்று சொல்லி 5.1 இறக்கிவிட்டார்கள்

கதவு வேலை எடுத்திருப்பவர்கள் ஷீட் வாங்கப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள். கடலூர் முதுநகரில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். போன மாதம் பட்ட அடி இது.

மஞ்சக்குப்பத்தில் ஒரு டீச்சரம்மா வீட்டுச் சமையலறைக்கு 14 கதவு. வேப்பஞ்சட்டம், நடுவில் 6 மி.மீ. பி.டபிள்யூ.ஆர். (கொதிநீர் தாங்கும் ரகம்) ப்ளைவுட், மேலே பெயின்ட். புதுச்சேரியில் ஒரு கடையில் சாம்பிள் துண்டு கொடுத்தார்கள். வெர்னியர் அளவுகோலில் கனம் 5.9 வந்தது. நல்ல சரக்கு என்று மூன்று ஷீட்டுக்குப் பணம் கட்டினேன். மறுநாள் வண்டியில் வந்தது. அதை நான் அளக்கவில்லை.

சட்டத்தில் பலகை செருகும் காடியை (பள்ளத்தை) வெட்டும் என் ரவுட்டர் பிட் கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. 5.9 பலகைக்கு அரை மில்லி இடைவெளி, சமாளித்துவிடலாம். 56 சட்டத்திலும் காடி ஓட்டி முடித்து, முதல் பேனலைச் செருகித் தூக்கினேன். கடகடவென்று ஆடியது. இடுக்கில் மூன்று விசிட்டிங் கார்டு சேர்த்து வைத்தேன், தாராளமாக உள்ளே போனது. அப்புறம்தான் ஷீட்டின் மூலைகளை அளந்தேன்: 5.1, 5.1, 5.3, 5.0.

போன் செய்தால், "ஆறு எம்.எம்.னா மார்க்கெட்ல இப்படித்தாண்ணே வரும். அறுத்ததைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்றார்கள். ப்ளைவுட்டுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 303-ன்படி 6 மி.மீ. ஷீட்டில் 5 சதவீதம்தான் கூடலாம், குறையலாம். 5.7-க்குக் கீழே போகக் கூடாது. ஆனால் என் ஷீட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரையே இல்லை. பில்லில் 'ப்ளை 3' என்று மட்டும் எழுதியிருந்தது, கனமும் இல்லை, கம்பெனி பெயரும் இல்லை. எதை வைத்து நியாயம் கேட்பது?

அகலமாகிவிட்ட காடியைக் குறுக்க முடியாது. ஒவ்வொன்றிலும் பட்டை வைத்து ஒட்டி அடைத்து, மறுபடி ஓட்டி, காடியில் நுழையும் சட்ட முனைகளான கழுந்துகளையும் இழைத்து மெலிதாக்கினேன். நாலு நாள் வேலை. டீச்சரம்மாவிடம் உள்ளதைச் சொல்லி ஷீட் பணத்தில் குறைத்துக்கொண்டேன். பாவம், அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

சாம்பிளை நம்பாதீர்கள். வண்டியிலிருந்து இறக்கும் முன் ஒவ்வொரு ஷீட்டையும் நாலு மூலையிலும் அளங்கள். பில்லில் கனம், கிரேடு, கம்பெனி மூன்றையும் எழுதச் சொல்லுங்கள், எழுத மறுத்தால் வேறு கடைக்குப் போய்விடுங்கள். கால் அங்குல பிட்டும் 6 மி.மீ. பலகையும் ஒன்று என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

இப்போது 4 மி.மீ. பிட்தான் போடுகிறேன். ஒரு தடவை ஓட்டி, சட்டத்தைத் திருப்பிப் பிடித்து இன்னொரு தடவை. காடி நடுவிலேயே விழும், அகலமும் நம் கையில் இருக்கும். முதலில் கழிவுத் துண்டில் ஓட்டி, வந்த ஷீட்டிலேயே ஒரு துண்டு அறுத்துச் செருகிப் பார்க்கிறேன். கையால் தள்ளினால் போக வேண்டும், தலைகீழாகப் பிடித்தால் விழக் கூடாது. அதற்கப்புறம்தான் சட்டத்தைத் தொடுகிறேன்.