கேப்பிடல் வேறு, ஸ்மால் வேறு: என் ஓட்டு லினக்ஸ் வழிக்கே

புது மேக் வாங்கியதும் முதல் வேலையாக, ஃபைல் பெயரில் கேப்பிடல், ஸ்மால் பேதம் பார்க்கும் ஏ.பி.எஃப்.எஸ் (ஆப்பிளின் ஃபைல் சிஸ்டம், அதாவது டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறை) வால்யூம் ஒன்றைத் தனியாக உருவாக்கி, என் நிரல்களை எல்லாம் அதற்கு மாற்றினேன். காரணம் ஒரு லோகோ. ஃபைலின் பெயர் கேப்பிடல் 'எல்'லில் தொடங்கியது. நிரலில் நான் எழுதியிருந்ததோ ஸ்மால் 'எல்'. மேக்கில் படம் அழகாகத் தெரிந்தது. லினக்ஸ் சர்வரில் ஏற்றியதும் அந்த இடம் காலி. வெள்ளிக்கிழமை சாயங்காலம், வாடிக்கையாளர் ஃபோனில்.

லினக்ஸின் ஃபைல் சிஸ்டமான எக்ஸ்ட்4 வழக்கமாக பெயரின் பைட்டுகளை (எழுத்துகளைச் சேமிக்கும் எண்களை) மட்டுமே ஒப்பிடும், அதனால் கேப்பிடலும் ஸ்மாலும் அதற்கு வேறு வேறு. விண்டோஸும் மேக்கும் நாம் கொடுத்த பெயரை அப்படியே சேமிக்கும். தேடும்போது மட்டும் பேதம் பார்க்காது. இதே ஏ.பி.எஃப்.எஸ் ஐஃபோனில் பேதம் பார்க்கிறது என்பது தனி வேடிக்கை. கணினியே தொழிலாக இல்லாதவர்களுக்கு மேக் வழி சௌகரியம்தான், மறுக்கவில்லை.

எனக்கு முடிவைத் தீர்த்தது பராமரிப்பு. இரண்டு எழுத்தும் ஒன்றே என்று சொல்ல ஓர் அட்டவணை வேண்டும். ஆங்கிலத்தின் 26 எழுத்தோடு போனால் சரி. துருக்கியில் ஸ்மால் 'ஐ'யைக் கேப்பிடலாக்கினாலும் புள்ளி போகாது. புள்ளி இல்லாத 'ஐ' அங்கே வேறு எழுத்து. ஜெர்மனின் எஸ்ட்செட் (ß) எழுத்து கேப்பிடலில் வழக்கமாக இரண்டு 'எஸ்' ஆகிவிடும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடோ வளர்ந்துகொண்டே இருக்கிறது. அட்டவணையை இஷ்டத்துக்கு மாற்றவும் முடியாது. ஃபோல்டருக்குள் பெயர்கள் அதை வைத்துத்தான் அடுக்கப்பட்டிருக்கும். பின்னால் மாற்றினால் ஃபைல் டிஸ்க்கில் இருக்கும், தேடினால் கிடைக்காது. அதனால்தான் விண்டோஸின் ஃபைல் சிஸ்டமான என்.டி.எஃப்.எஸ், ஃபார்மேட் செய்யும்போதே அட்டவணையை டிஸ்க்கில் எழுதிவிடுகிறது. 2019இல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 5.2 பதிப்பு வழியாக எக்ஸ்ட்4க்கும் பேதம் பார்க்காத வசதி வந்தது. அதையும் காலி ஃபோல்டரில்தான் இயக்க முடியும். பைட் ஒப்பீட்டுக்கு இந்தத் தலைவலி ஒன்றுமே கிடையாது.

பாதுகாப்பிலும் இதே கதை. நிரல்களின் மாற்றங்களைப் பதிவு செய்யும் மென்பொருளான கிட்டில், 2014 டிசம்பரில் வெளிவந்த பாதுகாப்பு ஓட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். கிட் தன் உள் ஃபோல்டரின் பெயரை ('.git') ஸ்மால் எழுத்தில் மட்டும் தடுத்து வைத்திருந்தது. ஒருவர் 'ஜி'யைக் கேப்பிடலாக்கி அனுப்பினால் தடை தாண்டிவிடும்; மேக்கும் விண்டோஸும் இரண்டும் ஒன்றே என்று நம்பி உள்ளமைப்பு ஃபைலை மாற்ற விட்டுவிடும். அந்த வழியாக அவர் கட்டளையே உங்கள் கணினியில் ஓடும்.

தமிழில் கேப்பிடல் கிடையாது, நாம் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். 'கொ'வின் கொம்பையும் காலையும் இரண்டு குறியாகவும் எழுதலாம், ஒரே குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. எக்ஸ்ட்4 அவற்றை இரண்டு ஃபைலாக வைக்கும். இந்த ஒரு விஷயத்தில் நான் மேக் கட்சி. பேதம் பார்க்கும் என் புது வால்யூமும் இவற்றை ஒன்றாகத்தான் எடுத்துக்கொள்கிறது.

விண்டோஸில் 2018 முதல் ஃபோல்டர் வாரியாகப் பேதத்தை இயக்கலாம். அதை ஓரிரு முறைதான் தொட்டிருக்கிறேன், நம்பிச் சொல்ல அது போதாது. மேக்கில் மட்டும் ஒன்று: முழு டிஸ்க்கையும் பேதம் பார்க்கும்படி மாற்றிவிடாதீர்கள். பழைய கணினியில் அப்படிச் செய்தபோது, நான் காசு கொடுத்து வாங்கிய ஒரு வடிவமைப்பு மென்பொருள் நிறுவவே மறுத்துவிட்டது. தனி வால்யூம் போதும். இடத்தை மற்றதோடு பகிர்ந்துகொள்ளும், அஞ்சு நிமிஷ வேலை.