கொடுமணல் உருக்கும் திரிசடைக் கப்பலும்: 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' புதிய பதிப்பு

'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' என்பது ஊர் கட்டி, வளம் சேர்த்து, படை திரட்டிப் போரிடும் கணினி ஆட்டம். அது தொடங்கும்போது ஊர் நடுவிலுள்ள மன்றத்தருகே மூன்று குடியானவர்களும் ஒரு குதிரை ஒற்றனும் நிற்பார்கள். அவர்களில் யாரைச் சுட்டியால் தொட்டாலும், தொட்டவர் எந்த நாட்டாரோ அந்த நாட்டு மொழியில் ஒரு சொல் பேசுவார். கோபிச்செட்டிபாளையத்து பிரவுசிங் சென்டர் ஒன்றில் மணிக்கு 20 ரூபாய் கொடுத்து இந்த ஆட்டத்தைப் பழகிய நாள்களில், ஜப்பானியர் பேசுவதும் துருக்கியர் பேசுவதும் எங்களுக்கு மனப்பாடம். தமிழ் மட்டும் அதில் இல்லை. சென்ற மாதம் சென்னிமலையிலிருந்து வந்திருந்த அக்கா மகனை அருகில் உட்கார வைத்துத் திராவிடர் என்ற நாட்டைத் தேர்ந்தெடுத்து முதல் குடியானவரைத் தொட்டேன். "என்னுங் மாமா, இவன் தமிழ்ல பேசறானுங்க!" என்று அவன் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டான். இந்த மதிப்புரை எழுதத் தோன்றியது அப்போதுதான்.

மதிப்புரைக்கு உரிய பொருள், 2019 நவம்பரில் வெளிவந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2: டெஃபினிட்டிவ் எடிஷன்' என்ற மறுபதிப்பும், அதற்கு 2022 ஏப்ரலில் வந்த 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' என்ற கூடுதல் பகுதியும் ஆகும். ஆயினும் இந்தத் தொடர் நடந்து வந்த பாதையைச் சொல்லாமல் இதன் அருமையை விளக்க முடியாது.

அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் இருந்த என்செம்பிள் ஸ்டுடியோஸ் உருவாக்கி, மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட முதல் ஆட்டம் 1997 அக்டோபரில் வந்தது. அதன் வடிவமைப்பில் பங்கேற்ற புரூஸ் ஷெல்லி, முன்பு சிட் மெயர் என்ற ஆட்ட வடிவமைப்பாளருடன் சேர்ந்து 'சிவிலைசேஷன்' என்ற கணினி ஆட்டத்தை வடிவமைத்தவர். வரலாற்று ஆட்டத்துக்கு வேண்டிய ஆய்வுக்கு நூலகத்தின் சிறுவர் பகுதியே போதும் என்பது அவர் கருத்து. கேட்பதற்கு அலட்சியமாகத் தோன்றினாலும், பள்ளிப் பையனுக்கும் முதல் பத்து நிமிடத்திலேயே ஆட்டம் பிடிபட்டு விடுவதற்கு அந்த எண்ணமே காரணம் என்று நினைக்கிறேன். அந்த முதல் ஆட்டத்தில் 12 நாட்டார் இருந்தார்கள். மதில் எழுப்பலாம், ஆனால் மதிலுக்கு வாயிற்கதவு கிடையாது. படையினரை ஓரிடத்துக்குப் போகச் சொன்னால் பாதிப் பேர் மரத்தில் முட்டிக்கொண்டு நிற்பார்கள்.

இரண்டாம் ஆட்டம் 1999 செப்டம்பர் இறுதியில் வந்தது. வாயிற்கதவு, அணிவகுப்பு, ஆபத்து வந்தால் அனைவரையும் கட்டடங்களுக்குள் அழைக்கும் ஊர் மணி, வேலையின்றி நிற்கும் குடியானவரைக் காட்டும் பொத்தான் என முந்தையதில் உறுத்திய ஒவ்வொன்றையும் இது சரி செய்தது. 13 நாட்டாருடன் தொடங்கி, 2000ஆம் ஆண்டின் 'தி கான்கரர்ஸ்' பகுதியோடு 18 ஆனது. எங்கள் தலைமுறை விளையாடியது இந்த வடிவத்தைத்தான். பொறியியல் கல்லூரி விடுதியில் எட்டுப் பேர் லேன் கம்பியால் கணினிகளை இணைத்து விளையாடும்போது, அரட்டைப் பெட்டியில் 11 என்ற எண்ணைத் தட்டினால் எல்லாக் கணினியிலும் ஒரே சிரிப்பொலி எழும். ஆயிரம் உணவு தரும் குறுக்குவழிச் சொற்களான 'சீஸ் ஸ்டேக் ஜிம்மிஸ்' என்பதை எழுத்துப் பிழையின்றி அடிக்கத் தெரிந்தவர்களில் ஒருவருக்கும் அது என்ன தின்பண்டம் என்று தெரியாது. இரண்டு மணி நேர ஆட்டம் முடியப்போகும் தறுவாயில் மின்வெட்டு வந்து அனைத்தும் இருண்டு போன இரவுகளைக் கொங்கு நாட்டில் அந்த ஆண்டுகளில் படித்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

அதன் பிறகு இத்தொடர் தடுமாறியது. 2005இல் வந்த மூன்றாம் ஆட்டம் துப்பாக்கிக் காலத்துக்குத் தாவி, தாய்நகரிலிருந்து சீட்டுகள் மூலம் சரக்கு வரவழைக்கும் முறையைப் புகுத்தியது. அழகுக்குக் குறைவில்லை, ஆனால் எங்கள் விடுதியில் ஒரு வாரத்துக்கு மேல் யாரும் அதைத் தொடவில்லை. 'ஹேலோ வார்ஸ்' ஆட்டத்தை முடித்த கையோடு 2009 ஜனவரியில் என்செம்பிள் நிறுவனமே மூடப்பட்டது. 2011இல் கேலிச்சித்திரத் தோற்றத்தில் வந்த இணைய ஆட்டம் 2014இல் நிறுத்தப்பட்டது. 2021இல் ரெலிக் நிறுவனம் உருவாக்கிய நான்காம் ஆட்டம் நன்றாகவே இருந்தாலும் எட்டு நாட்டாருடன் மட்டுமே வெளிவந்தது.

இரண்டாம் ஆட்டத்தை இந்த இடைக்காலத்தில் உயிரோடு வைத்திருந்தவர்கள் அதன் ரசிகர்கள்தாம். 2013இல் மைக்ரோசாஃப்ட் அதைச் சற்று மெருகேற்றி, கணினி ஆட்டங்களை விற்கும் ஸ்டீம் இணையதளத்தில் வெளியிட்டபோது, ரசிகர்கள் சிலர் தாமாகவே செய்து வைத்திருந்த 'ஃபர்காட்டன் எம்பயர்ஸ்' என்ற மாற்றுவடிவத்தை அதிகாரபூர்வப் பகுதியாக ஏற்றுக்கொண்டது. அதே குழுவே பின்னர் நிறுவனமாக வளர்ந்து, இப்போது நம் கையில் இருக்கும் மறுபதிப்பைப் பிற நிறுவனங்களோடு சேர்ந்து உருவாக்கியது. கூலிக்கு உழுதவனுக்கும் தன் காட்டை உழுதவனுக்கும் உள்ள வேறுபாடு வரப்பில் தெரியும் என்பார்கள். இந்தப் பதிப்பில் அது வயலிலேயே தெரிகிறது.

பழைய ஆட்டத்தில் ஒரு வயலுக்கு 60 மரம் செலவாகும். அடிப்படையில் 175 உணவு தந்தபின் அது தரிசாகிவிடும். போர் மும்முரத்தில் நாம் அதைக் கவனிக்காவிட்டால், குடியானவர் களைக்கொத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வெறுமனே நிற்பார். 2000ஆம் ஆண்டுப் பகுதி, ஆலையில் முன்கூட்டியே மறுவிதைப்புக்குச் சொல்லி வைக்கும் வசதியைத் தந்தது. இப்பதிப்பிலோ ஒரு முறை பொத்தானை அழுத்திவிட்டால், கையில் மரம் இருக்கும்வரை வயல்கள் தாமாகவே மறுபடி விதைக்கப்படுகின்றன. குதிரை ஒற்றனும் தானே ஊரைச் சுற்றிப் பார்த்து வருகிறான். முன்பு கடினமான நிலைகளில் கள்ளத்தனமாகக் கூடுதல் வளம் பெற்றுவந்த கணினி எதிரி, இப்போது நாணயமாக விளையாடியே நம்மைத் தோற்கடிக்கிறது. என்னை முதல் ஐந்து ஆட்டங்களில் தோற்கடித்தது.

இனி இந்தியப் பகுதி. 2013 முதல் இத்துணைக்கண்டம் முழுவதற்கும் 'இந்தியர்' என்ற ஒரே நாட்டார் இருந்தார்கள். ஒட்டகப் படையும் இந்தி மொழியுமே அவர்களுக்கு அடையாளம். 2022இல் அவர்களுக்கு ஹிந்துஸ்தானியர் என்று பெயர் மாற்றி, வங்காளியர், கூர்ஜரர், திராவிடர் என்ற மூவரைச் சேர்த்ததில் மொத்த எண்ணிக்கை 42 ஆனது. திராவிடருக்கு உறுமி என்ற வளையும் வாளை ஏந்திய வீரரும் திரிசடை என்ற போர்க்கப்பலும் தனிச் சிறப்பு. ஆட்டத்தின் அடுத்த காலகட்டத்துக்கு முன்னேறும் ஒவ்வொரு முறையும் 200 மரம் இலவசமாகக் கிடைக்கிறது. மூன்று வயல் போட்டுக் கையில் 20 மிச்சம். இராஜேந்திர சோழனின் வரலாறு ஐந்து காட்சிகளாக விரிகிறது.

என்னை அதிகம் ஈர்த்தது கோட்டையில் ஆய்ந்து பெறும் 'ஊட்ஸ் ஸ்டீல்' என்ற நுட்பம். பண்டைத் தென்னிந்தியாவில் செய்த உருக்கின் பெயர் அது. அதைப் பெற்றபின் நம் காலாட்களின் வாள் எதிரியின் கவசத்தைப் பொருட்படுத்தாமல் வெட்டும். அக்கா மகனுக்கு இதை விளக்க நான் புத்தகம் எதையும் தேட வேண்டியிருக்கவில்லை. அவன் ஊரிலிருந்து சிறிது தொலைவில், நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில், பண்டைய இரும்பு உருக்கு உலைகள் அகழாய்வில் வெளிப்பட்டன. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வரும் ஊர் இதுவே என்பர். மறுநாள் மாலை அவனை வண்டியில் அங்கே அழைத்துச் சென்றேன். மேட்டு நிலத்தில் கால் கட்டைவிரல் அளவு கருங்கசடு ஒன்றை எடுத்துக் காட்டி, "இதானுங்களா மாமா அந்த ஸ்டீலு?" என்று கேட்டான். எடுத்த இடத்திலேயே வைக்கச் சொல்லிவிட்டேன்.

குறைகளும் உண்டு. திராவிடருக்குக் கவசக் குதிரைப் படை இல்லை. யானைகள் விலை மிகுந்தவை, மெதுவாக நடப்பவை, எதிரியின் துறவி ஒருவர் மந்திரம் ஓதினால் கட்சி மாறிவிடுபவை. ஆகவே கடலுள்ள நிலப்படங்களில் கொடிகட்டிப் பறக்கும் இந்நாட்டார், திறந்த வெளிகளில் திணறுகிறார்கள். சேர, சோழ, பாண்டியரோடு கன்னடரையும் தெலுங்கரையும் ஒரே பெயருக்குள் அடைத்தது, முன்பு 'இந்தியர்' என்று செய்த பிழையின் சிறிய வடிவம்தான். ஆட்டத்தின் பட்டியல்களை இந்தியில் படிக்கலாம், தமிழில் படிக்க வழியில்லை. வீரன் தமிழ் பேசுகிறான், அவனுக்குக் கட்டளையிடும் பொத்தான் பேசவில்லை. அன்று ஒரே சிடியில் அடங்கிய ஆட்டம் இன்று வன்தட்டில் பெரும் இடத்தைக் கேட்பதால், அலுவலகப் பயன்பாட்டுக்கு வாங்கிய பழைய மடிக்கணினிகளில் இதை முயல வேண்டாம்.

புதிதாக வருபவர் முதலில் 'டெஃபினிட்டிவ் எடிஷனை' மட்டும், அதுவும் ஸ்டீம் தள்ளுபடி நாள்களில், வாங்கி 'ஆர்ட் ஆஃப் வார்' என்ற பயிற்சிப் பகுதியை முடிக்கட்டும். பத்துப் பதினைந்து ஆட்டம் ஆடியபின் இந்தியப் பகுதியைச் சேர்த்துக்கொள்ளலாம். பழைய ஆட்டக்காரர்கள் இரண்டையும் சேர்த்தே வாங்கிவிடலாம். மூன்றாம் ஆட்டத்தின் மறுபதிப்பும் அதே கடையில் கிடைக்கிறது. எங்கள் விடுதி நண்பர்கள் எட்டுப் பேரில் அதை வாங்கியவர் ஒருவர், அவரும் ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் எங்களோடு இரண்டாம் ஆட்டத்தில்தான் இருக்கிறார்.