இலவசத் தார்ப்பாயும் ஒரு கையெழுத்தும்: ஃப்ளோரிடாவில் வீடு வைத்திருப்போர் கவனத்திற்கு

ஃப்ளோரிடாவில் சொந்த வீடு வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள், குறிப்பாக வேறு மாநிலங்களிலிருந்து அண்மையில் குடிவந்து முதல் புயல் பருவத்தை எதிர்நோக்கியிருப்பவர்கள், இதைப் படித்துவிட்டு வீட்டில் உள்ள பெரியவர்களிடமும் சொல்லி வைக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். புயல் ஓய்ந்ததும் வாசலில் வந்து நின்று, கூரைக்கு இலவசமாகத் தார்ப்பாய் போட்டுத் தருவதாகச் சொல்பவர்கள் நீட்டும் எந்தத் தாளிலும் திரையிலும் முழுவதையும் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள்.

2022 செப்டம்பர் 28 அன்று இயன் புயல் மணிக்கு 150 மைல் வேகக் காற்றுடன் லீ கவுண்டியின் காயோ கோஸ்டா தீவில் கரையைக் கடந்தது. எங்கள் வீடு அதே கவுண்டியில், கடலிலிருந்து உள்ளே தள்ளி இருப்பதால் கடல்நீர் எட்டவில்லை. ஆனால் காற்று கூரையின் ஒரு பக்கத்து ஷிங்கிள்களை (கூரையை மூடும் தகடுகளை) பிய்த்து எறிந்ததில் மழைநீர் சீலிங்கை நனைத்துக்கொண்டு அறைகளுக்குள் இறங்கியது. மின்சாரமும் இணையமும் இல்லாத அந்த நாட்களில், கூரை வேலை செய்யும் ஒரு நிறுவனத்தின் பெயர் பொறித்த சட்டை அணிந்த இருவர் தெருவில் வீடு வீடாக வந்தார்கள். கூரை மீது ஏறுவதற்கு வீட்டுக்காரரின் அனுமதி தேவை, அதற்கு மட்டும்தான் கையெழுத்து, செலவை இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி ஒரு டேப்லெட்டை நீட்டினார்கள். அதில் கையெழுத்துக்கான கட்டத்தைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. நகல் மின்னஞ்சலில் வரும் என்றார்கள்; வரவே இல்லை.

சேதத்தைப் பார்வையிட்டு மதிப்பிடும் அட்ஜஸ்டர் எப்போது வருவார் என்று கேட்பதற்காகக் காப்பீட்டு நிறுவனத்தை அழைத்தபோதுதான், எங்கள் கிளெய்மின், அதாவது இழப்பீட்டுக் கோரிக்கையின், உரிமையை அந்தக் கூரை நிறுவனத்துக்கு நாங்கள் எழுதிக் கொடுத்துவிட்டதாகவும், கூரைக்கான பணம் இனி அவர்களுக்கே போகும் என்றும் சொன்னார்கள். காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து கிடைத்த நகலைப் படித்தோம். அது அசைன்மென்ட் ஆஃப் பெனிஃபிட்ஸ் எனப்படும் உரிமை மாற்ற ஒப்பந்தம். தார்ப்பாய்க்கு மட்டுமன்றி, கூரை முழுவதையும் மாற்றும் வேலைக்கும் அதற்கான இழப்பீட்டைப் பெறுவதற்கும் அதில் உரிமை எழுதப்பட்டிருந்தது. அன்றைய ஃப்ளோரிடா சட்டப்படி அத்தகைய ஒப்பந்தத்தில் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக விலை குறித்த மதிப்பீடு இருக்க வேண்டும். உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்ற எச்சரிக்கை 18 புள்ளி அளவுள்ள தடித்த எழுத்தில் இருக்க வேண்டும். கையெழுத்திட்ட 14 நாட்களுக்குள் அபராதம் ஏதுமின்றி ரத்து செய்யலாம். மதிப்பீடு அந்தத் தாளில் இல்லை. ரத்துக்குக் கட்டணம் உண்டு என்று மட்டும் எழுதியிருந்தார்கள்.

கெடுவுக்குள் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் ரத்துக் கடிதம் அனுப்பினோம். அதன் பிறகு வந்தது தார்ப்பாய்க்கான பில். இலவசம் என்று வாய் நிறையச் சொன்ன வேலைக்கு ஆயிரக்கணக்கான டாலர் கேட்டார்கள். தராவிட்டால் வீட்டின் மீது லீன் (பாக்கிக்காக வீட்டின் மீது கோரும் சட்ட உரிமை) பதிவு செய்வோம் என்று மிரட்டினார்கள். இதே தார்ப்பாயை அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் படை, லீ கவுண்டி உள்ளிட்ட பகுதிகளில் ஆபரேஷன் புளூ ரூஃப் என்ற திட்டத்தின் கீழ் ஒரு காசு வாங்காமல் போட்டுக் கொடுத்தது என்பதை எங்கள் தெருவில் பலர் பிறகுதான் அறிந்தோம்.

காப்பீட்டு நிறுவனமும் எங்களுக்குத் துணை நிற்கவில்லை. உரிமை யாருடையது என்பது தெளிவாகும் வரை கூரைக்கான தொகையைத் தர முடியாது என்று மாதக் கணக்கில் இழுத்தார்கள். அடுத்த கோடை மழை தொடங்கியபோதும் கூரை மீது அதே தார்ப்பாய்தான் கிடந்தது. சீலிங்கில் பூஞ்சை பிடித்தது. அந்தப் பூஞ்சைக்கு வீட்டைச் சரியாகப் பராமரிக்காததே காரணம் என்று சொல்லி அந்தப் பகுதிக்கான இழப்பீட்டை மறுத்தார்கள். மாநில நிதிச் சேவைகள் துறை நடத்தும் சமரசப் பேச்சுவார்த்தைக்கு விண்ணப்பித்த பிறகே பெரும்பகுதி கிடைத்தது. வீட்டுக் காப்பீட்டுப் பிணக்குகளில் அந்தச் சமரசத்தின் செலவைக் காப்பீட்டு நிறுவனமே ஏற்க வேண்டும் என்பதைப் பலர் அறியாமல் நேராக வழக்கறிஞரிடம் ஓடுகிறார்கள்.

அடுத்த வீட்டு முதிய தம்பதிக்கு நேர்ந்தது இதைவிடக் கொடுமை. அவர்களுக்கு ரத்து செய்யும் காலம் கடந்துவிட்டிருந்தது. பணத்தைப் பெற்றுக்கொண்ட அதே நிறுவனம் கூரையில் பாதியை மட்டும் மாற்றிவிட்டு மறைந்தது. ஷிங்கிள் விற்ற கடைக்காரருக்கும் பணம் தராமல் போனதால், அவர் அந்தத் தம்பதியின் வீட்டின் மீது லீன் பதிவு செய்தார். ஒப்பந்தக்காரர் ஏமாற்றினாலும் பொருள் கொடுத்தவருக்கு வீட்டின் மீது உரிமை கோர ஃப்ளோரிடா சட்டம் இடம் தருகிறது. ஆகவே ஒவ்வொரு தவணையைக் கொடுக்கும்போதும், பொருள் விற்றவரிடமிருந்தும் துணை ஒப்பந்தக்காரரிடமிருந்தும் லீன் விடுவிப்புக் கடிதம் கேட்டு வாங்குங்கள்.

2023 ஜனவரி 1 முதல் வழங்கப்படும் பாலிசிகளில் இந்த உரிமை மாற்ற ஒப்பந்தம் செல்லாது. அதனால் ஆபத்து தீர்ந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். பணத்தை நேராக எங்களுக்கே அனுப்பச் சொல்லுங்கள் என்ற கடிதமாகவும், கிளெய்ம் ஒப்புக்கொள்ளப்பட்டால் வேலையை எங்களிடமே தர வேண்டும் என்ற முன் ஒப்பந்தமாகவும் அதே ஆட்கள் இப்போது வருகிறார்கள். டிடக்டிபிளை (சேதச் செலவில் வீட்டுக்காரர் ஏற்க வேண்டிய பங்கை) நாங்களே தள்ளுபடி செய்கிறோம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள், அது சட்டவிரோதம். புயலுக்கான டிடக்டிபிள் பெரும்பாலும் வீட்டின் காப்பீட்டு மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கணக்கிடப்படுவது; 4,00,000 டாலர் மதிப்புள்ள வீட்டுக்கு 2 சதவீதம் என்றால் 8,000 டாலர் நம் கையிலிருந்து போகும். அந்தத் தொகையைப் புயலுக்கு முன்பே ஒதுக்கி வைத்திருப்பவர்களிடம் இந்தப் பேச்சு எடுபடாது.

எங்களைக் காப்பாற்றிய ஒன்றையும் சொல்ல வேண்டும். ஜூன் 1 அன்று பருவம் தொடங்குவதற்கு முன்னரே கூரையின் நான்கு பக்கங்களையும், ஒவ்வொரு அறையின் சீலிங்கையும், குளிர்சாதன இயந்திரத்தின் எண் பலகையையும் தேதியுடன் படமெடுத்து இணையச் சேமிப்பில் வைத்திருந்தோம். இது பழைய சேதம் என்று அட்ஜஸ்டர் சொன்னபோது அந்தப் படங்களே பேசின. வெள்ளத்துக்குச் சாதாரண வீட்டுக் காப்பீடு பொறுப்பேற்காது. கூட்டாட்சி வெள்ளக் காப்பீடு வாங்கினாலும் பொதுவாக 30 நாட்கள் கழித்தே நடைமுறைக்கு வரும் என்பதால், புயலின் பெயர் செய்தியில் வந்த பிறகு ஓடிப் பயனில்லை.

வேலைக்கு ஆள் வைக்கும் முன் மாநில உரிமத் துறையின் தளத்தில் உரிம எண்ணைத் தேடிப் பாருங்கள். அவசரநிலைக் காலத்தில் உரிமமின்றிக் கட்டுமான ஒப்பந்தம் எடுப்பது ஃப்ளோரிடாவில் பெருங்குற்றம். உங்கள் சார்பில் கிளெய்மை நடத்தப் பொது அட்ஜஸ்டர் ஒருவரை அமர்த்தினால், அறிவிக்கப்பட்ட அவசரநிலைக்குக் காரணமான புயலின் கிளெய்முக்கு முதல் ஓராண்டில் அவர் இழப்பீட்டில் 10 சதவீதத்துக்கு மேல் கட்டணம் கேட்க முடியாது.

ஏற்கெனவே கையெழுத்திட்டிருப்பவர்கள் முதலில் தேதியைப் பாருங்கள். அவசரநிலை அறிவிப்புக்குப் பின் 180 நாட்களுக்குள் அந்தப் புயலை வைத்துச் செய்த கூரை ஒப்பந்தத்தை, கையெழுத்திட்ட 10 நாட்களுக்குள் அல்லது வேலை தொடங்கும் தேதிக்குள், இரண்டில் எது முந்தியதோ அதற்குள் அபராதமின்றி ரத்து செய்யலாம். கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அன்றே மாநில நிதிச் சேவைகள் துறையின் நுகர்வோர் உதவி எண்ணான 1-877-693-5236-ஐ அழைத்துப் புகாரைப் பதிவு செய்யுங்கள்.