பனி நின்ற பிறகு தொடங்கும் வேலை: ஆறு குளிர்காலங்களின் பயன்பாட்டு அனுபவம்

கடும் பனிப்பொழிவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பனி கொட்டிய இரவைப் பற்றியே பேசுகிறார்கள். வீட்டுக்குள் இருப்பவருக்கு அந்த இரவில் பெரிதாக வேலை எதுவும் இல்லை. விடிந்ததும் வாசற்கதவை வெளியே தள்ளி, அது பாதி திறந்து பனியில் முட்டி நிற்கும்போதுதான் வேலை தொடங்குகிறது. பனியை வாரித் தொலைவில் எறியும் ஸ்னோ புளோயர் இயந்திரம் ஒன்று, ஷவல் எனப்படும் பனிவாரிகள் இரண்டு, கூரைப் பனியை இழுத்துத் தள்ளும் நீண்ட கம்பு ஒன்று, பனி உருக்கும் உப்பு ஆகியவற்றைக் கொண்டு ஆறு குளிர்காலங்களைக் கடந்திருக்கிறேன். வாங்கிய புதிதில் இவற்றைப் பற்றி நான் கொண்டிருந்த கருத்துகளில் பாதி இப்போது என்னிடம் இல்லை.

முதலில் எடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். புதிதாக விழுந்த பனி ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோ இருக்கும் என்று வைத்துக்கொண்டால், 5 மீட்டர் அகலமும் 12 மீட்டர் நீளமும் கொண்ட கார்ப்பாதையில் 30 சென்டிமீட்டர் பனி விழுந்தாலே 1,800 கிலோவை அப்புறப்படுத்தியாக வேண்டும். ஈரப்பனி என்றால் அது இரண்டு மடங்காகவும் ஆகலாம். பொழிவு முழுவதும் நிற்கட்டும் என்று காத்திருந்து, மொத்தத்தையும் ஒரே மூச்சில் அள்ள முயன்றதுதான் முதல் ஆண்டில் நான் செய்த பெரிய தவறு. இப்போது 10 சென்டிமீட்டர் சேர்ந்தவுடன் ஒருமுறை தள்ளிவிட்டு வருகிறேன். குளிரில் இரத்தக்குழாய்கள் சுருங்கியிருக்கும் வேளையில் இந்த உழைப்பு இதயத்தின் மீது கடும் சுமையை ஏற்றுகிறது என்பதால், எங்கள் வீட்டுப் பெரியவர் கையில் ஷவலைக் கொடுப்பதில்லை. அவருக்கு அதில் வருத்தம்தான்.

ஷவலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அள்ளி வீசுவதற்கு ஒன்றும், தள்ளுவதற்கு அகலமான ஒன்றும் போதும். தகட்டில் சிலிகோன் ஸ்பிரே அடித்துக்கொண்டால் ஈரப்பனி ஒட்டாது. வளைந்த கைப்பிடி முதுகுக்கு நல்லது என்றார்கள். எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

ஸ்னோ புளோயர் பெட்ரோலில் ஓடும் இரு கட்ட இயந்திரம்: முன்னால் உள்ள திருகு பனியை நடுவுக்கு இழுத்துத் தர, அதன் பின்னால் உள்ள விசிறி அதைக் குழல் வழியாகத் தொலைவில் எறிகிறது. தூளாக உலர்ந்த பனியில் இதைப்போல மனநிறைவு தரும் கருவி வேறில்லை. ஆனால் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி இருக்கும் நாளில் பனி பிசைந்த மாவைப்போலக் குழலை அடைத்துக்கொள்ளும், அப்போது கையை உள்ளே விடக்கூடாது என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும். எஞ்சினை நிறுத்திய பிறகும் உள்ளே இறுக்கம் தேங்கியிருக்கக்கூடும். அடைப்பு விடுபட்ட கணத்தில் தகடுகள் சட்டென்று நகரும். மூன்றாம் ஆண்டில் ஒருநாள், எஞ்சினை நிறுத்திச் சாவியையும் எடுத்துவிட்டு, இயந்திரத்துடன் வந்த பிளாஸ்டிக் கோலால் குத்திக்கொண்டிருந்தபோது, அது என் பிடியிலிருந்து கோலைப் பறித்தது. கோலின் நுனியில் பிறைவடிவில் விழுந்த அந்த வெட்டு இன்றும் இருக்கிறது.

சாலையைச் சுத்தம் செய்யும் வண்டி நம் பாதையின் வாயிலில் ஒதுக்கிவிட்டுப் போகும் பனி வரப்பு தனிக்கதை. அழுந்தி, கல்லும் பனிக்கட்டியும் கலந்து கிடக்கும் அதில் வேகமாக இயந்திரத்தைச் செலுத்தினால் ஷியர் பின் உடையும். பற்சக்கரப் பெட்டியைக் காப்பாற்றுவதற்காகவே உடையும்படி செய்யப்பட்ட ஆணி அது. ஆகவே உடைந்தால் சினம் கொள்ளாமல் மாற்ற வேண்டும், அந்த இடத்தில் சாதாரண போல்ட்டைப் போடக்கூடாது. நான் எப்போதும் நான்கு பின்களைக் கையிருப்பில் வைத்திருக்கிறேன். முதல் கோடையில் பெட்ரோலைத் தொட்டியிலேயே விட்டுவிட்டதால் கார்புரேட்டர் பிசின் பிடித்து, அடுத்த பருவத்தின் முதல் பனியன்று இயந்திரம் உயிர்பெறவே இல்லை.

பாதையைத் திறப்பதற்கு முன்பே பார்க்க வேண்டியது, வீட்டை வெப்பமூட்டும் சாதனத்தின் புகைக்குழாய். பக்கச்சுவர் வழியாக வெளியேறும் குழாயின் வாய் பனியில் புதைந்தால், மணமற்ற கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் திரும்பக்கூடும். அந்த வாயு இருந்தால் ஒலியெழுப்பும் கருவி ஒன்று தளத்துக்கு ஒன்றாக இருக்கட்டும்.

கூரை விஷயத்தில் என் கருத்து முற்றிலும் மாறியது. மேல்தளத்தின் வழியே கசியும் வெப்பம் கூரைப் பனியின் அடிப்பகுதியை உருக்க, அந்த நீர் குளிர்ந்த இறவாரத்துக்கு வந்து மீண்டும் உறைந்து அணைபோல நிற்க, பின்னால் தேங்கும் நீர் ஓடுகளுக்கடியில் புகுந்து உட்கூரையில் கறையாக இறங்குகிறது. நீண்ட கம்பினால் இறவாரத்தை ஒட்டிய பகுதியை மட்டும், அடியில் சில சென்டிமீட்டர் விட்டு, தரையில் நின்றபடி இழுத்தால் பெரும்பாலும் தப்பலாம். இழுக்கும் பனி நம் தலையிலேயே விழும் என்பதால் சற்று பக்கவாட்டில் நிற்க வேண்டும், மின்கம்பிகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இருந்தும், நான்காம் ஆண்டு கோடையில் மேல்தளத்தின் இடுக்குகளை அடைத்து வெப்பக்காப்புப் படுகையைத் தடிமனாக்கிய பிறகு, அந்தக் கம்புக்கு வேலை பாதியாகக் குறைந்துவிட்டது. பணத்தை முதலில் அங்கே செலவிட்டிருக்க வேண்டும்.

உப்பைப் பொறுத்தவரை, சாதாரண சோடியம் குளோரைடு சுமார் மைனஸ் 9 டிகிரிக்குக் கீழே போனதும் மிகவும் மந்தமாகிவிடுகிறது. அதற்கும் கடுமையான குளிரில் கால்சியம் குளோரைடே உதவுகிறது. ஆனால் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். வாயைக் கட்டாமல் வைத்த மூட்டை ஒன்று கோடைக்குள் கொட்டகைத் தரையில் குழகுழவென்று ஒழுகியிருந்தது. இரண்டுமே புதிய கான்கிரீட்டுக்கும், செடிகளுக்கும், நாய்களின் பாதங்களுக்கும் ஆகாதவை. பனி நின்ற பிறகு, பகலில் உருகி இரவில் உறையும் மூன்றாம் நாள்தான் வழுக்கி விழும் நாள் என்பதால், மாலை வெயில் சாய்வதற்குள் ஈரத்தை ஒதுக்கிவிட்டு உப்பைச் சிக்கனமாகத் தூவுகிறேன். மிகக் குளிரான நாளில் பிடிமானத்துக்கு மணலே போதுமானது.

முதல் ஆண்டில் அள்ளிய பனியை வசதி கருதிச் சுவரோரமாகவே குவித்திருந்தேன். வெயில் வந்த வாரத்தில் அந்தக் குவியல் முழுவதும் நிலவறைச் சுவர் வழியாகக் கசிந்து, அட்டைப்பெட்டிகளின் அடிப்பாகத்தைக் கூழாக்கிவிட்டது. அதன் பிறகு புளோயரின் குழலை எப்போதும் சரிவு இறங்கும் பக்கத்துப் புல்தரையை நோக்கியே திருப்பி வைக்கிறேன். காற்று எதிரே அடித்துப் பாதிப் பனி என் முகத்திலேயே வந்து விழும் நாட்களிலும்கூட.