ஆங்கிலம் வழியே போர்த்துகீசியம்: ஒரு மாலைநேர வகுப்பு

வேலை நிமித்தமாக லிஸ்பனுக்கு வந்த எட்டாம் மாதத்தில், ஆங்கிலம் அறிந்தவர்களுக்கென்றே நடத்தப்படும் ஒரு மாலைநேரப் போர்த்துகீசிய வகுப்பில் சேர்ந்தேன். வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம் என்று 12 வாரங்கள். ஆங்கிலத்தில் சிந்திப்பவர் எங்கெங்கே தவறுவார் என்று முன்கூட்டியே கணித்து, அந்தத் தவறுகளைச் சுற்றியே பாடங்களை அமைத்திருப்பதாகச் சொல்கிறார்கள். அது பாதிதான் உண்மை.

உண்மையான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். முதல் நாளன்று ஆசிரியை கதவருகே நின்று 'புஷ்' என்றார். எட்டு மாதங்களாக இந்நகரத்துக் கதவுகளோடு மல்லுக்கட்டிய நான் உட்பட அனைவரும் தள்ளினோம். அந்தப் போர்த்துகீசியச் சொல்லுக்கு 'இழு' என்று பொருள். ஆங்கிலச் சொல்லைப் போலவே தோன்றி வேறு பொருள் தரும் இத்தகைய சொற்களை இவ்வகுப்பில் கற்பிக்கும் விதம் அபாரமானது. மருந்துக்கடையில் 'கோன்ஷ்திபாது' என்றால் போர்த்துகலில் சளி பிடித்தவர் என்று பொருள்; ஆங்கில நினைப்பில் மலச்சிக்கலுக்கு மருந்து கேட்பவருக்குச் சளி மருந்துதான் கிடைக்கும். விருந்தில் உணவு நேர்த்தியாக இருப்பதாகப் பாராட்ட எண்ணி 'இஷ்கிசீது' என்றால், சமைத்தவர் காதில் அது 'என்னவோ போல இருக்கிறது' என்று விழும்.

ஒலிப் பயிற்சியும் நன்று. ரொட்டியைக் குறிக்கும் சொல்லை மூக்கொலி இல்லாமல் உச்சரித்தால் அது கட்டையாகிவிடும். தாத்தாவும் பாட்டியும் கடைசி உயிரொலியில் வாய் எவ்வளவு திறக்கிறது என்பதில் மட்டுமே வேறுபடுகிறார்கள். வகுப்புத் தோழர்கள் திணறிய 'ஞ' ஒலி மட்டும் எனக்குப் பிறந்த வீட்டுச் சீதனம். 'இருக்கிறதா?' என்று கேட்டால் 'ஆம்' என்பதைவிட 'இருக்கிறது' என்று வினைச்சொல்லாலேயே விடை சொல்வது இங்கு இயல்பு. ஆங்கிலேயர்கள் மூன்று வாரம் பழகிய இதை நான் பழக வேண்டியிருக்கவில்லை.

குறை மரியாதைச் சொற்களில் தொடங்குகிறது. 'வொசே' என்பதை எல்லோருக்கும் பொருந்தும் முன்னிலைச் சொல்லாகப் பாடநூல் தருகிறது. பிரேசிலின் பெரும்பகுதியில் அது சரி. போர்த்துகலில் அறிமுகமில்லாத மூத்தவரிடம் சொன்னால் பலருக்கு அது முகத்தில் அடித்தாற்போல் இருக்கும். நண்பர்களிடம் 'து', மரியாதைக்குரிய பெண்மணியிடம் 'அ சிஞோரா', சில வேளைகளில் எதிரே இருப்பவரின் பெயரையே எழுவாயாக்கிப் படர்க்கை வினையோடு பேசுவது என்று இங்கே படிகள் பல. 'நீ'யும் 'நீங்கள்'உம் பிரித்துப் பழகிய நமக்கு ஒரு மணி நேரத்தில் புரியக்கூடிய இதை, ஒரே சொல்லால் எல்லோரையும் விளிக்கும் ஆங்கிலக்காரருக்குத்தான் விரிவாகச் சொல்லியிருக்க வேண்டும். தெருமுனைக் காய்கறிக் கடை அம்மையாரிடம் நான் 'வொசே' சொல்லி, அவர் முகம் இறுகியதைப் பார்த்துத்தான் விஷயமே எனக்குத் தெரிந்தது.

ஒலிப்பதிவுகளிலும் இதே குழப்பம்தான்: பாதி பிரேசிலியக் குரல்கள், பாதி லிஸ்பன் குரல்கள். இங்கே பல்கலைக்கழகக் கட்டணத்தைக் குறிக்கும் 'ப்ரொபீனா' அங்கே லஞ்சம் ஆகும் என்பதைக்கூட எவரும் எச்சரிக்கவில்லை. 'நாளை போகும்போது' என்பது போன்ற வாக்கியங்களுக்கு இம்மொழியில் தனி வினைவடிவம் உண்டு. ஆங்கிலத்தில் நிகழ்காலத்தைச் சொல்லியே பழகியவர்கள் இங்கே கட்டாயம் தவறுவார்கள். அன்றாடப் பேச்சிலும் இது இல்லாமல் முடியாது. அதற்கு ஒதுக்கியதோ கடைசி வகுப்பின் இருபது நிமிடங்கள்.

காதையும் நாவையும் பழக்கிக்கொள்ள விரும்புவோர் தாராளமாகச் சேரலாம். குடியுரிமைக்கு உதவும் ஏ2 நிலைத் தேர்வான சிப்ளேவை எழுதும் எண்ணம் உள்ளவர்கள் வினைவடிவங்களுக்கு வேறு வகுப்பைத் தேட வேண்டியிருக்கும். நான் அடுத்த நிலைக்குப் பெயர் கொடுக்கவில்லை. ஆசிரியையிடம் தனியாக வாரம் ஒரு மணி நேரம் படிக்கிறேன்.